பாட்டு நின்றால் ஓடு

என் செல்லத் தம்பி மோகனுக்கு,

நீ போன பிறகு அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. நீ இருக்கிற இடத்தில் மழை உண்டா, மலை உண்டா என்று எனக்குத் தெரியாது. மலை இல்லாத இடமாக இருந்தால் சந்தோஷம்டா.

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. புதிதாக வருகிற பாட்டு ஆல்பமெல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. சிரிக்காதே. "எல்லாம் ஒரே டங்கு டங்குதான்" என்று உன்னைத் திட்டிய அதே அக்காதான். தலவாக்கலைப் பையன்கள் போட்ட ராப் எது, கொழும்பில் வந்த பைலா எது, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கித்தாரோடு பாடிய மெலடி எது, இந்தியாவிலிருந்து வந்த கானா எது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. பயந்து கற்றுக்கொண்டேன்.

தோட்டத்தில் நீ இருந்த லயத்து வீட்டு வரிசையை மலை சரிந்து மண் மூடிய பிறகு, எங்கள் மேல் லயத்துக்குப் பின்னாலும் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது. அளந்து பார்க்க வந்த ஐயா, இங்கே இருக்கவே கூடாது என்று சிங்களத்தில் சொன்னார். எங்கே போவது என்று கேட்டோம். பாவம், அது அவருக்கும் தெரியவில்லை. ஒரு சிவப்பு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த ஊரில் மழை பெய்யாத நாள் எது? ஒவ்வொரு தூறலுக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் பிழைப்பு என்ன ஆவது?

உன் கூட்டாளி சுரேஷ்தான் ஒரு ஏற்பாடு செய்தான். உன் மைக்செட் கோயிலில் இருந்ததால் அது மட்டும் தப்பியது. மழை வலுத்தால் இரண்டு பேர் கோயில் மேட்டில் நின்று அந்த வெடிப்பைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். பாட்டு நின்றால் போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும். "கத்துறதுக்கு ஆள் இல்லாமப் போனாலும், மைக்செட்டும் சேந்து போயிரும், பாட்டு தானா நின்னுரும்க்கா" என்று அவன் விளக்கினான். ஆள் இல்லாமல் போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாதா?

ஆரம்பத்தில் பழைய பக்திப் பாட்டுகளைத்தான் போட்டார்கள். ஒருநாள் கரண்ட் போய்ப் பாட்டு நின்றது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டு, நின்ற பிறகும் எங்கள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இனிமேல் யாரும் கேட்டிராத பாட்டுதான் போடுவது என்று அன்றைக்கே முடிவானது. அதனால் ஒவ்வொரு மழைக்கும் சுரேஷ் போனில் கொரியாப் பாட்டு வரைக்கும் புதுசு புதுசாக இறக்குகிறான்.

சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மாரியாயி அக்காவுக்கு அவனோடு தினமும் சண்டை. "ஏன்டா, மலை விழுறதுக்கு முன்ன காது கிழிஞ்சிரும் போலருக்கே. அந்தக் கொரியாக்காரன் என்னதான்டா சொல்றான்?"

"புரியாட்டி நல்லதுக்கா. அப்பதான் தூங்க மாட்டீங்க."

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தலவாக்கலைப் பையன்களின் ராப் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். தடதடவென்று போய்க்கொண்டிருந்த பாட்டு பட்டென்று நின்றது. அடுத்த அடி விழுவதற்கு முன்னால் வேண்டுமென்றே விட்ட இடைவெளியாம். எங்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? சோறு அடுப்பிலேயே கிடக்க, என்னிடம் விட்டிருந்த பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினேன். மாரியாயி அக்கா செருப்பில்லாமல் எனக்கு முன்னால் ஓடினார். வழியில் பாட்டு மறுபடியும் டமாலென்று கிளம்பியது. ஓடிய கால் ஒன்றும் நிற்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில் மூச்சு வாங்க நின்று எல்லாரும் சிரித்தார்கள். சுரேஷையும் அந்த ராப்காரர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், தர்ஷினியைக் காணவில்லை.

உன் மருமகள்டா. எனக்கு முன்னால் ஓடியிருப்பாள் என்று நினைத்துவிட்டேன். "எம் புள்ளையப் பாத்தீங்களா?" என்று ஒவ்வொருத்தரையும் பிடித்துக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி ஓடக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. கைப்பிள்ளையை அதன் தாயிடம் திணித்துவிட்டு ஓடினேன்.

ஓடும்போது நீதான் கண்ணுக்குள் நின்றாய். மண் சரசரக்கிறது என்று எல்லாரும் வெளியே வந்தபோது, "ஒண்ணும் ஆவாதுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் நீ. அன்றைக்குத்தான் ஏதோ புது ஆல்பம் வந்திருந்தது. உன் வாசலுக்கு நேரே பாதையில் நின்று, வாடா, வாடா என்று தொண்டை கிழியக் கத்தினேன். உன் காதில் ஹெட்செட் இருந்தது. கடைசியிலாவது என் சத்தம் உனக்குக் கேட்டதா மோகன்?

தர்ஷினி கட்டிலில், மலைப்பக்கத்துச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்செட். பிடுங்கி எறிந்தேன். அறைந்தேன், கட்டியும் பிடித்தேன், எதை முதலில் செய்தேன் என்று தெரியவில்லை.

"பாட்டு நின்னுச்சேடி, ஏன்டி ஓடி வரல?"

"எனக்கு நிக்கலியேம்மா. பாடிக்கிட்டுதானே இருந்துச்சு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மலை விழவில்லை. ஆனால் விழுந்திருந்தால் எப்படியிருக்கும் என்று பார்த்துவிட்டேன்.

மழை முடியும்வரை அவளைக் கூட்டிக்கொண்டு லிந்துலையில் சின்னம்மா வீட்டுக்குப் போகப்போகிறேன். பிள்ளைக்காம்பரா வேலைக்கு பஸ்ஸில் வந்து போய்க்கொள்வேன், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை நம்பி விட்டுப் போவது என்னிடம்தானே. கொழும்பிலிருந்து உன் அத்தான் போன் எடுத்து, "நீ ரொம்பத்தான் பயப்படுற" என்கிறார். மாரியாயி அக்காவுக்கும் சிரிப்புத்தான். "ஒரு பாட்டு நின்னதுக்கா லயத்தையே விட்டுப் போற?"

"நீங்களும் வாங்கக்கா" என்றேன்.

"எங்க?" என்றார். சின்னம்மா வீட்டில் இருப்பதே ஒரு அறைதான். அவருக்கு என்ன பதில் சொல்வேன், நீயே சொல்லு?

உன் சாவு வீட்டில் எல்லாரும் உன்னைத் தைரியசாலி என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நீ கொஞ்சம் பயந்திருக்கலாம்டா.

ஒரு சத்தியம் செய்கிறேன். உன் மருமகளிடமிருந்து பாட்டைப் பிடுங்கமாட்டேன். என்ன புதுசு வந்தாலும் கேட்கட்டும். ஆனால் மழை பெய்கிற நாளில் அவளை மலையடியில் விடமாட்டேன். ஊர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லட்டும். பயந்தாங்கொள்ளியின் பிள்ளையாக அவள் உயிரோடு இருக்கட்டும்.

கூப்பிட்டுக் கூப்பிட்டும் உன்னை வெளியே வரவைக்க முடியாத
உன் அக்கா,
செல்வி