காது திறந்த சேதி

தஞ்சோங் பகார் துறைமுகம்
12.3.1958

அன்புள்ள பிரிஜட்டுக்கு,

மாதா காவலில் நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இன்று காது திறந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த அவசரம்.

போன சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, வழக்கம்போல் காதிலும் நாலு சொட்டு விட்டேன். உள்ளேயிருந்த குறும்பி ஊறி இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. கப்பலில் மூட்டை சரிந்தபோது, கூட வேலை செய்யும் தங்கராஜு கத்தியது எனக்குக் கேட்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். அடியில்லை, பயப்படாதே.

இன்று டாக்டர் வெந்நீர் பீய்ச்சினார். உடனே சுவர்க் கடிகாரம் கேட்டது. என் செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. "இனிமே எண்ணெய தலையோட நிறுத்திக்க லா" என்றான் தங்கராஜு, இந்த ஊர் 'லா'வையும் சேர்த்து.

வருகிறவர்களிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்பு. தபாலுக்கு நேரமாகிறது. பிள்ளைக்கு அப்பா என்று சொல்லப் பழக்கு. மெல்லச் சொன்னாலே போதும்.

லாசரஸ்