குரற்குடங்களில் பட்டப்பெயர் ஓதுவதை நிறுத்தும் ஓலை

நலம் சூழ்க. ஏரிகள் நிறைக, கரைகள் நிலைக்க. தண்பெருநாட்டின் ஏரிவாரிய அமைச்சர் தாயன் கொற்றனார், முடிகோட்டூர் அரண்மனையிலிருந்து, தென்கரை நாட்டை ஆளும் அணியன் பெருவேளாருக்கும், அவர்தம் படைக்கும் குடிக்கும், அவர் நாட்டு ஏழு ஏரிகளுக்கும், அந்த ஏரிகளை நம்பி விதைத்திருக்கும் வயல்களுக்கும் வணக்கமும் வாழ்த்தும் சொல்லி எழுதும் ஓலை இது. அரசர் பெருமானின் முப்பத்திரண்டு பட்டப்பெயர்களும் ஓலையின் தலையில் இல்லாததைக் கண்டு பெருவேளார் திடுக்கிட வேண்டாம். எழுத்தர் மறக்கவும் இல்லை, இங்கே எவரும் அரசுக்கு எதிராகக் கிளம்பவும் இல்லை. அவை ஏன் இல்லை என்பதுதான் இவ்வோலையின் செய்தி.

பெருவேளார் ஆவணியில் அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. தென்கரை ஏரிகளில் புதிதாக வைக்கப்போகும் குரற்குடங்களில் அரசரின் பட்டப்பெயர்களோடு தம்முடைய பதினொரு பட்டங்களையும் சேர்த்து ஓத வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அமைச்சர் அதைப் படித்துச் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. சென்ற ஆண்டு வரை அவரும் அப்படித்தான் கேட்டிருப்பார். அமைச்சர்கள் ஓலையில் தம்மைப் பிறரைப் போல எழுதுவது அரண்மனை வழக்கம். இந்த ஓலையில் அந்த வழக்கம் அவருக்குக் கைகொடுக்கிறது, ஏனென்றால் இனி வரும் வரிகளில் ‘நான்’ என்று எழுதக் கை கூசுகிறது.

குரற்குடம் வந்த கதையைப் பெருவேளார் அரைகுறையாகக் கேட்டிருப்பார். ஏரிக்கரைகளிலிருந்து தலைநகர் வரை ஓசைக்குழாய் பதித்த புதிதில், இந்த முனையில் நான்கு ஆட்கள் உட்கார்ந்து கேட்டார்கள். கரை உடைப்பைச் சொல்பவனும் காணாமல் போன எருமையைச் சொல்பவனும் ஒரே குழாயில் ஒரே நேரத்தில் கத்த, நான்கு பேருக்கும் காது அடைத்துப் போயிற்று. ஆகவே ஒவ்வொரு கரையின் வெளிச்சரிவிலும் உள்ள குழாய்மாடத்தில், ஒருமுறை பேசியதை மெழுகில் பிடித்துக்கொண்டு கேட்டபோதெல்லாம் திருப்பிச் சொல்லும் குடம் ஒன்றை வைக்க அமைச்சர் ஏற்பாடு செய்தார். மூடியைத் திறந்தால் குடம் பேசும். உடைப்பு என்றால் முதற்கயிறு, மதகு பழுது என்றால் இரண்டாம் கயிறு, வழக்கு என்றால் மூன்றாம் கயிறு என்று அது வழி சொல்லும். முதற்கயிற்றை இழுத்த மறுகணம் ஏரிக்குக் கீழே உள்ள ஊரில் முரசு அதிரும், மக்கள் பாறைமேட்டுக்கு ஏறிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு. அமைச்சர் அதைத் தம் பிள்ளையைப் போல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

குடத்துக்குக் குரல் தர ஓடத்துறையில் படகுக்கு ஆள் கூப்பிடும் நீலமங்கையை அழைத்து வந்தார்கள். காற்றையும் நீரோசையையும் கிழித்துக்கொண்டு போகும் குரல் அவளுடையது. ஈரத்துணி தொங்கவிட்ட அறையில், சுக்குநீர் குடித்து, குடத்தின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி நின்று அவள் பேசினாள். அமைச்சர் பட்டப்பெயர்ப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார். மெழுகில் ஏறிய சொல்லைத் திருத்த முடியாது, பிழை வந்தால் குடத்தையே உடைக்க வேண்டும். ‘ஏழ்புனல் வென்ற’ என்பதில் அரை மாத்திரை குறைந்ததென்று ஒரு குடம், ‘மணிமுடி’க்கும் ‘மாமன்னர்’க்கும் இடையே அவள் மூச்சு கேட்டதென்று ஒரு குடம், இப்படியாக ஆறு குடங்களை அமைச்சர் உடைத்தார். கயிறுகளைப் பற்றிய வாசகத்தை அவர் ஒருமுறைகூடக் கவனித்துக் கேட்கவில்லை. அது கடைசியில் இருந்தது, அதற்குள் அவருக்குப் பசி வந்துவிட்டது.

ஏழாவது குடத்துக்கு முன்னால் நீலமங்கை ஒன்று சொன்னாள். அவள் சொன்னபடியே இங்கே எழுதப்படுகிறது. “நாங்க தொறையில நின்னு மொதல்ல ஊர் பேரத்தானுங்க கத்துவோம். ஓடக்காரன் பேரு, ஓடத்தோட பெருமையெல்லாம் ஏறி உக்காந்தவனுக்கு அப்பறம் சொல்லிக்கலாம். இதுல எல்லாம் தலைகீழா இருக்குதுங்களே.”

படகுத்துறைக்கும் அரசவைக்கும் வேறுபாடு தெரியாத பெண் என்று அமைச்சர் நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் அங்கிருந்த எழுத்தர்களைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். ஏழாவது குடம் பிழையில்லாமல் நிறைந்தது. பட்டப்பெயர்கள் முடியச் சரியாக அரை நாழிகை ஆகும். அதன் பிறகே கயிறுகளின் விவரம் வரும். அதைப் பார்த்து ஒன்பது குடங்கள் நிரப்பி ஒன்பது கரைகளில் வைத்தார்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசி பதினேழாம் நாள் பிற்பகலில் வெண்மதகு ஏரியின் கரையில் ஓட்டை விழுந்தது. கரைக்காவலன் சிறுகண்டன் குழாய்மாடத்துக்கு ஓடிவந்து குடத்தைத் திறந்தான். முரசு அதிரவில்லை. அதிர்ந்தபோது கரை போய்விட்டிருந்தது. கீழ்ப்பாடி என்ற சிற்றூரில் ஒன்பது பேரை நீர் கொண்டுபோயிற்று. அவர்களில் ஒருத்தி களத்தில் எள் காயவைத்துக்கொண்டிருந்த அல்லியாள், சிறுகண்டனின் மனைவி. மாடத்தின் கல்தூணைக் கட்டிப்பிடித்திருந்ததால் அவன் மட்டும் பிழைத்தான்.

காவலன் குடித்திருந்தான் அல்லது தூங்கியிருந்தான் என்று அமைச்சர் முடிவுகட்டினார். ஏற்பாட்டில் குறை இருக்கும் என்று அவர் மனத்தின் ஒரு மூலைகூடச் சொல்லவில்லை. மனைவியை எரித்து மூன்றாம் நாள், சிறுகண்டனைக் கை கட்டி முடிகோட்டூருக்குக் கொண்டுவரச் செய்தவர் அவர்தாம். இதைப் பெருவேளார் பிறர் வாயால் கேட்பதற்கு முன் அமைச்சரே எழுதிவிடுவது நல்லது.

அரசவையில் அமைச்சர் கேட்டார்: முதற்கயிறு எது என்று உனக்குத் தெரியாதா? தெரியும் என்றான். குடம் பேசி முடிக்கும் முன் இழுத்தாலும் முரசு அதிரும் என்று தெரியாதா? அதுவும் தெரியும், குடம் வைக்க வந்த கம்மியர் சொல்லிக் கொடுத்தார்கள் என்றான். பிறகு ஏன் இழுக்கவில்லை?

“ராசா பேரு ஓடிக்கிட்டிருந்துச்சுங்க,” என்றான் சிறுகண்டன். “கும்பிட்ட கைய நடுவுல எப்படிங்க எடுக்கறது?”

அரசரின் பட்டப்பெயர்கள் ஓதப்படும்போது எழுந்து நின்று கைகூப்ப வேண்டும், ஓதி முடியும் வரை பேசவோ அசையவோ மணியடிக்கவோ கூடாது என்பது இந்நாட்டில் நடை பழகும்போதே சொல்லித் தருவது. அங்கிருந்தவர்களில் அதை ஒருநாளும் மீறியவர் எவருமில்லை. அமைச்சரும் மீறியதில்லை. குடத்துக்கு முன்னால் தனியாக நிற்பவனும் அப்படித்தான் நிற்பான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

அப்போது அரசர் பெருமான் அரியணையிலிருந்து இறங்கி, தூணைக் கட்டியிருந்ததில் தோலுரிந்த அந்தக் கைகளின் கட்டைத் தாமே அவிழ்த்தார். அந்தக் குடத்தின் இணை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதைத் திறக்கச் செய்து, ஒவ்வொரு பட்டம் வரும்போதும் நீர் எங்கே இருந்தது என்று தம் உடம்பில் தொட்டுக் காட்டும்படி காவலனிடம் சொன்னார். குடம் பேசியது. அவை முழுவதும் வழக்கப்படி எழுந்து கைகூப்பியது. ‘ஏழ்புனல் வென்ற’ என்றபோது சிறுகண்டன் கணுக்காலைத் தொட்டான். ‘திசை நடுங்க வேல் எடுத்த’ என்றபோது முழங்காலைத் தொட்டான். இருபதாம் பட்டத்தில் இடுப்பு. நீலமங்கையின் குரல் அவசரமில்லாமல், அரை மாத்திரையும் குறையாமல், அமைச்சர் கேட்டபடியே ஓதிக்கொண்டு போயிற்று. ‘குடிகளைக் கண்ணிமை போல் காக்கும்’ என்ற இருபத்தேழாம் பட்டம் வந்தபோது அவன் எதையும் தொடவில்லை. கரை அப்போதுதான் போயிற்று என்றான்.

அரசர் குடத்தின் வாயைத் தம் உள்ளங்கையால் மூடினார். மீதி ஐந்து பட்டங்களை அன்று யாரும் கேட்கவில்லை. நீர் ஏறிக்கொண்டிருக்க, மாடத்தின் வாசல் வழியே கீழே மனைவி இருந்த களம் தெரிய, அந்த மனிதன் அரை நாழிகை தமக்குக் கைகூப்பி நின்றிருக்கிறான் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அமைச்சர் எண்ணிப் பார்த்தார். இன்றும் சோற்றில் கைவைக்கும்போது அது நினைவுக்கு வந்து கை நின்றுவிடுகிறது.

அமைச்சர் பதவி விலக வேண்டினார். அரசர் ஒப்பவில்லை. விலகிப் போனால் உமக்குத் தூக்கம் வரும், ஏரிகளுக்கு என்ன வரும் என்று கேட்டார். ஒன்பது குடங்களையும் உடைத்துப் புதிதாக நிரப்பும்படியும், வாசகத்தை நீலமங்கையே அமைக்கும்படியும் கட்டளையிட்டார். அமைச்சர் ஓடத்துறைக்கு நடந்து போய் அவளை அழைத்தார். அவள் முதலில் வர மறுத்தாள். ஒன்பது பேர் இறந்த இடத்தில் தன் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது என்று சொல்லி அழுதாள். குற்றம் குரலில் இல்லை, பட்டியல் பிடித்திருந்த கையில்தான் என்று அமைச்சர் அவளுடைய துறையில், ஓடத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னார். அதன் பிறகே வந்தாள்.

ஆகவே தென்கரை நாட்டுக்கு அரசாணை இது. குடம் திறந்ததும் வரும் முதற்சொல் ‘உடைப்பா? முதற்கயிற்றை இழு’ என்பதாகவே இருக்க வேண்டும். அரசர் பெயரோ, பெருவேளார் பெயரோ, தெய்வத்தின் பெயரோ அதற்கு முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். கயிறுகள் மூன்றுக்கு மேல் கூடாது, பயந்தவனுக்கு நான்காவது நினைவில் நிற்காது. எந்தக் கயிறும் இழுக்கப்படாமல் பத்து மூச்சு நேரம் கடந்தால், குழாயின் இந்த முனையில் உயிருள்ள ஒருவர் ‘சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். அந்த இருக்கையில் புதுக் குடங்கள் வைத்த நாள்முதல் ஓராண்டு அமைச்சரே பகலெல்லாம் அமர வேண்டும் என்பதும் அரசாணை. இவ்வோலை அங்கிருந்துதான் எழுதப்படுகிறது.

சிறுகண்டன் காவலை விடவில்லை. புதுக் கரையில் அவனே நிற்கிறான். நாள்தோறும் உச்சிவேளையில் வெண்மதகுக் குழாயில் குடம் திறக்கும் ஓசை கேட்கிறது. கயிறு எதுவும் இழுபடுவதில்லை. பத்து மூச்சு கழித்து அமைச்சர் ‘சொல்லுங்கள்’ என்கிறார். முதல் நாள் அந்தப் பக்கத்திலிருந்து சிறுகண்டனின் குரல் வந்தது.

“தண்ணி கரைக்கு நாலு முழம் கீழதான் நிக்குதுங்க. ஒண்ணும் பயமில்ல. ஆள் இருக்குதான்னு பாத்தேன்.”

இருக்கிறேன் என்றார் அமைச்சர். இப்போதும் நாள்தோறும் அதையே சொல்கிறார்.

கயல் பொறித்த அரக்கு முத்திரையும் ஏரிவாரியத்தின் செப்பு முத்திரையும் இட்டு, கார்த்திகை வளர்பிறை ஐந்தாம் நாள் இவ்வோலை விடுக்கப்பட்டது. கண்ட மூன்றாம் நாளுக்குள் பெருவேளார் தம் ஏழு குடங்களையும் இவ்வாறே நிரப்பி வைப்பாராக. வைத்து முடித்ததை ஓலையில் எழுத வேண்டாம். ஏழு கரையிலும் காவலரை நிறுத்தி, ஒவ்வொருவரும் தம் குழாயில் ஒருமுறை பேசச் செய்க. கேட்க ஆள் இருக்கிறது.