இரம் கேட்ட காற்று

ஏப்ரல் 8, செவ்வாய்
எங்கள் பெரும்பாக்கம் குடியிருப்பில் இன்றும் லிஃப்ட் ஓடவில்லை. ஏழு மாடி ஏறி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பகலெல்லாம் கம்பெனியின் தகரக் கூரைக்குக் கீழே சட்டைக்குக் காலர் தைத்த உடம்பு. பக்கத்து மெஷினில் தைக்கும் இரம் மதியம் வெக்கை தாங்காமல் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். சூப்பர்வைசர் தனசேகர் ஓடிவந்தான். "அதான் எழுந்துட்டா இல்ல? இன்னும் இன்னா கும்பல்? பீஸ் குறையுது பாரு!"

மனுஷி குறைந்தால் அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் 10, வியாழன்
வரிசைக்கு வரிசை ஃபேன் மாட்டுகிறார்கள்! பாத்ரூமில் சோப்பு. நாளைக்கு வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் பார்க்க வருகிறார்களாம். கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம்.

ஏப்ரல் 11, வெள்ளி
வந்தார்கள், சிரித்தார்கள், போனார்கள்.

ஏப்ரல் 12, சனி
காலையிலேயே ஏணியோடு ஆட்கள். ஃபேன் எல்லாம் வாடகைக்கு எடுத்ததாம், திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். முதல் ஃபேன் இறங்கியதும் இரம் மெஷினை நிறுத்திவிட்டு ஏணிக்கு அடியில் போய் நின்றுகொண்டாள்.

"ஃபேன் இருக்கட்டும்ணா. நீங்க எறங்குங்க."

தனசேகர் கத்தினான். "இது இன்னா உன் மாமியார் வூடா? போய் உக்காரு!"

"மாமியார் வூட்லயாச்சும் ஃபேன் போட்டு உக்கார வைப்பாங்க சார்."

யாரோ சிரித்தார்கள். நானும் மெஷினை அணைத்தேன். பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தது. ஹாலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. மேனேஜர் சூர்யநாராயணன் இறங்கிவந்தார். "சரி, ஃபேன் இருக்கும். வேலையைப் பாருங்க."

கம்பெனி வேனில் வீடு திரும்பும்வரை ஒரே பாட்டு, கும்மாளம்.

ஏப்ரல் 15, செவ்வாய்
புத்தாண்டு லீவு முடிந்து போனால், இரமை மட்டும் இனி வேலை இல்லை என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மேனேஜரிடம் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்றேன். ஒருத்தி வீட்டு வாடகை என்றாள், ஒருத்தி பிள்ளை படிப்பு என்றாள். தனியாகப் போனேன்.

"ஃபேன் கேட்டீங்க, குடுத்தாச்சு. நீயும் வெளியே போகணுமா ஷர்மிளா?"

திரும்பி வந்து உட்கார்ந்து தைத்தேன். வேற இன்னா பண்றது? நானும் போயிட்டா வூட்ல யாரு சம்பாதிக்கிறது? — யாரிடம் கேட்கிறேன் இதை?

ஏப்ரல் 23, புதன்
இரம் இடத்தில் புதுப் பெண். "இங்க நல்லா காத்து வருதுக்கா" என்றாள். காரணமில்லாமல் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

மே 18, ஞாயிறு
தாம்பரம் மார்க்கெட்டில் இரமைப் பார்த்தேன். துணிக்கடை வாசலில், வெயிலில் நின்று, போகிறவர் வருகிறவரை உள்ளே கூப்பிடுகிற வேலை. முகம் கறுத்திருந்தது.

"தையல் வேலை எங்க கேட்டாலும், ஏணிக்கு அடியில நின்ன பொண்ணு நீதானேன்றாங்கக்கா."

பிறகு அவளே கேட்டாள்: "உள்ள ஃபேனெல்லாம் ஓடுதா?" குத்திக்காட்டவில்லை. நிஜமாகவேதான் கேட்டாள்.

"ஓடுது" என்றேன்.

"அப்போ சரிக்கா" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போன ஒரு குடும்பத்தைக் கூப்பிட ஓடினாள்.