உதட்டில் ஸ்விட்ச் கிரீஸ்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. மேஜையைத்தான் மூணு நாளா நீங்க கழட்டிப் போட்ட கேம் கீபோர்டு பட்டா போட்டுக்கிச்சே, நின்னுக்கிட்டே சாப்பிடுங்க.

கண்ணாடிகிட்ட இருந்த குட்டி டப்பாவை லிப் பாம்னு நினைச்சு உதட்டுல தடவிட்டேன். அப்புறம்தான் மூடியில உங்க கோழிக்கிறுக்கலைப் பார்த்தேன்: 'ஸ்விட்ச் கிரீஸ்'. ஒவ்வொரு கீக்கு அடியிலயும் பிரஷ்ஷால தடவுறீங்களே, சத்தம் வராம இருக்கத்தானே? எனக்கு அது வேலை செய்யலை. சாயங்காலம் வந்து வழக்கம்போலப் பேசுவேன்.

பி.கு.: "உன் பேச்சாலதான் கீபோர்டு ஸ்பிரிங் ஒண்ணு தொலைஞ்சுது"ன்னு நேத்து குதிச்சீங்களே, அது உங்க சட்டைப் பையிலதான் தூங்கிட்டிருந்துச்சு. துவைக்கப் போடுறப்ப கிடைச்சது. சர்க்கரை டப்பா மூடி மேல வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு: மன்னிப்பைச் சத்தமாவே கேளுங்க. கிரீஸ் தடவாம.