ஊசிப்போன சோப்பு

முட்டுக்காடு
9-3-2003

அன்புள்ள கலாமணிக்கு,

நான் நலம். நீ நலமா? அத்தைக்கு இருமல் குறைந்ததா?

எங்கள் ரிசார்ட் முதலாளியம்மாவுக்கு இப்போது இயற்கைச் சோப்புப் பைத்தியம். எண்ணெயில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி என்னைக் கிளறச் சொன்னவர், பச்சைத் தேங்காய்த் துருவலையும் அதிலேயே அள்ளிப் போட்டார்.

"ஊசிப் போயிருமுங்க மேடம்" என்றேன்.

"சமையல்காரனுக்குப் பொரியல்தான் தெரியும்" என்றார். பொள்ளாச்சிக்காரனுக்கே தேங்காய்ப் பாடம்! மகா மேதை.

அதைப் பெருமையாக அறைகளில் வைத்தார். ஒரே வாரத்தில் சோப்பெல்லாம் பூஞ்சை, குளியலறையெல்லாம் எறும்பு. அறை துடைக்கும் சம்பூர்ணம், "இன்னா அண்ணாத்த இது, ஊசிப்போன சட்னி மாரி கீது!" என்று மூக்கைப் பொத்தினாள். எறும்பு வந்தால்தான் அசல் இயற்கை என்று மேடம் வெள்ளைக்காரர்களிடம் அளக்கிறார். வெட்கத்தையும் சேர்த்துத் துருவிவிட்டார் போல.

கிளறும்போது என் கையில் கொஞ்சம் தெறித்தது. கொசுக்கடி அளவுதான், பயப்படாதே.

இந்த உப்புத் தண்ணீரில் கடைச் சோப்பு நுரைக்கவில்லை. நீ குளிக்கும் சோப்பை அனுப்பு. புதிது வேண்டாம், நீ தேய்த்த மீதியே போதும்.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே. நான் சொல்லச் சொல்ல, கூடத் தங்கியிருக்கும் வசந்த் எழுதுகிறான். சோப்பு கேட்டதற்கே சிரிக்கிறான். மற்றதை, கையின் கட்டைப் பிரித்ததும் நானே எழுதுகிறேன்.

உன்
நாச்சிமுத்து