கெளுத்தியின் வாய்

இன்று காலை வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன்காரர் வண்டி வந்தது. பெட்டியைத் திறந்ததும் ஐஸோடு கிளம்பிய அந்தச் சேற்று வாடை உன்னைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. உள்ளே கடல் கெளுத்தி, மீசையோடு. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. என் இடுப்பில் இருந்த பாப்பாவை நீ பார்க்கவே இல்லை. ஒன்றேகால் வயது. முந்தின நாள் மதியத்திலிருந்து அவள் எதையும் விழுங்கவில்லை. பாலைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பசித்தால் தானாகச் சாப்பிடுவாள் என்று சொல்லிவிட்டு அவள் அப்பா வேலைக்குப் போய்விட்டார். வயிற்றைத் தட்டிப் பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன், ஓமத்தண்ணீர் கொடுத்தேன். அதையும் துப்பினாள்.

கல்லூரியில் நம் இருவருக்கும் ஒரே புராஜெக்ட், உப்பங்கழிக் கெளுத்தி என்ன தின்கிறது என்று. தொண்டியிலிருந்து ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் வந்தோமே, பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. வயிற்றைக் கீறினால் நண்டுக்கால், இறால் தோடு, புழு. மீசையால் சேற்றைத் துழாவித் தின்றதெல்லாம் இருந்தது. நாலைந்து மீனில் மட்டும் ஒன்றுமே இல்லை. சீக்கு மீன் என்று நான் ஒதுக்கி வைத்தேன். நீதான் அதில் ஒன்றை எடுத்துத் தாடையை விரித்தாய். உள்ளே பட்டாணி பட்டாணியாக முட்டைகள்.

"வயித்தையே நோண்டுறியே, வாயப் பாத்தியாடி?"

ஆண் கெளுத்தி முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும், அதுவரை இரை எடுக்காது என்று அன்றுதான் தேடிப் படித்தோம். இதை எங்கப்பாவுக்குக் காட்டணும் என்று நீ சொல்லப்போய் லேபே சிரித்தது.

மீன் வாங்காமல் உள்ளே ஓடினேன். பாப்பாவை மடியில் கிடத்தி போன் டார்ச்சை அடித்தேன். மேலண்ணத்தில் சிவப்பாக, வட்டமாக ஒன்று. புண்ணா, ஏதாவது ஒட்டியிருக்கிறதா, தெரியவில்லை. விரலை விட்டால் தொண்டைக்குள் போய்விடுமோ என்று பயந்து ஆட்டோ பிடித்தேன். டாக்டர் இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். என் ஸ்டிக்கர் பொட்டு.

"நல்லவேளை, கை வைக்காம வந்தீங்கம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் பாலையும் மூச்சுவிடாமல் குடித்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டுகளையெல்லாம் பிய்த்துப் போட்டேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத்தான் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருப்பாய். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. இப்போது தூங்குகிறாள். சற்றுமுன் கொட்டாவி விட்டாள். எழுதுவதை நிறுத்திவிட்டு வாய்க்குள் எட்டிப் பார்த்தேன்.