பூமி ஆடிய வருஷம்

திகந்தாவின் அப்பாவுக்கு, தருலதா வணங்கி எழுதுவது. உங்கள் இருமல் தேவலையா? வெந்நீரே குடியுங்கள். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

வெளியிலிருந்து அஸ்ஸாமுக்கு வந்தவர்கள் விஷயமாக டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம். குவாஹாட்டியில் எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையிலும் விளக்கேற்றினார்கள். வந்தவர்களை வெளியேற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று முதல் விளக்கை என்னை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினேன்.

என்னோடு காய் நறுக்கும் பூல்ஜான் மட்டும் விளக்குப் பக்கம் வரவில்லை; அவள் குடும்பமும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததுதான். ஒப்பந்தப்படி அறுபத்தாறுக்கு முன்னால் வந்தவர்களுக்குத்தான் பயமில்லையாம். "நீ எந்த வருஷம்டி வந்தே?" என்று கேட்டேன்.

"வருஷமெல்லாம் யாருக்குக்கா தெரியும்? காகிதத்த ஆறு தின்னுடுச்சு. நாங்க வந்த மறு வருஷம் பள்ளிக்கூடத்துல கொடியேத்தி மிட்டாய் குடுத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலம் பூமி ஆடுச்சு, கிணத்துலேருந்து மணலாக் கொட்டுச்சு. வாயில மிட்டாயோட ஓடினேன்."

"அடி பைத்தியமே, அது ஐம்பதாம் வருஷச் சுதந்திர தினத்துப் பூகம்பம்! நானும் அன்னிக்கு மிட்டாயோட ஓடினவதான்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவள் ஊர் நம் ஆற்றுக்கு அக்கரைதான். இருமல் குறைந்ததும் அங்கே போய், அவள் அப்பா படகோட்டி கலிமுத்தீன் ஐம்பதிலேயே குடும்பத்தோடு அங்கிருந்தார் என்று ஊர்த் தலைவரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். நம் பிள்ளை இந்த மண்ணுக்காகப் போனான். இந்த மண் ஆடியபோது அவள் காலும் இதன் மேல்தான் இருந்தது.

அதோடு திகந்தாவின் கமுசாத் துண்டையும் வைத்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். உலை பொங்குகிறது, கூப்பிடுகிறார்கள்.

தருலதா